யாரைக் கேட்டான்?

எங்கள் எம்.கே.பி. நகர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. காலையில் அங்கே ஒரு பத்திரிகை வந்து விழும். அரை மணி நேரத்துக்குள் அது ஆறு துண்டாகப் பிரிந்து ஆறு பேர் கைக்குப் போய்விடும். சினிமாப் பக்கத்துக்குப் போட்டி. ராசிபலனுக்கு அதைவிடப் போட்டி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியே வயசைக் கழித்துவிட்டு இப்போது ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவருக்கு எப்போதும் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத நடுப்பக்கம்தான். ஆனால் அந்தக் கடையில் பத்திரிகையை உண்மையாகப் படிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற மாதம் ஒரு நாள் நான் டீ கிளாஸைக் கையில் வாங்குகிற நேரம், அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இத்தப் பாத்தியளா? காசு இல்லாதவனுக்கு மூளை மழுங்கிப் பூடுதாம். ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்சிட்டாங்களாம்."

வாங்கிப் பார்த்தேன். 'வறுமை மூளையை மழுங்கடிக்கிறது: ஆய்வில் தகவல்' என்று தலைப்பு. கீழே பத்து வரி. ஏழைகள் தவறான முடிவுகளை எடுப்பதற்குக் காரணம் இதுதான் என்று முத்தாய்ப்பு.

"யாரைக் கேட்டானாம்?" என்றார் பெரியவர். "உங்களக் கேட்டானா? என்னியக் கேட்டானா? சம்பளத்துக்கு மொத நாளுதான் சார் நான் கேரம்ல ஜெயிப்பேன். தோத்தா டீக்குக் குடுக்கக் காசு இருக்காது, அதான்."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு அடங்கிப்போய் கேள்வி மட்டும் நின்றது. யாரைக் கேட்டான்? மனோதத்துவ ஆராய்ச்சி என்ற பெயரில் நம் வீட்டுக்குள் வந்து விழுகிற ஒவ்வொரு துண்டுச் செய்தியையும் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கேட்காமல் போனால் என்ன நஷ்டம் என்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பி.காம். படித்தவன். வேலைக்கு மனுப் போடும்போது விலாசத்தில் வியாசர்பாடி என்று எழுதமாட்டான். பெரம்பூர் என்று எழுதுவான். ஏனென்று அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஊருக்கு இப்படிப்பட்டவர்கள் என்று நெற்றியில் ஒட்டப்படும் சீட்டு எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தச் சீட்டில் விஞ்ஞானத்தின் முத்திரையும் விழுந்துவிட்டால் அப்புறம் அதை உரிக்க முடியாது.

செய்தியின் மூலத்தைத் தேடிப் படித்தேன். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்கப்பட்டவன் எங்கோ தூர தேசத்துக்காரன் அல்ல. நம் விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களின் கரும்பு விவசாயி!

2013-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சி அது. எழுதியவர்கள் நால்வர்: ஆனந்தி மணி, தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவரான செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ். கரும்புக்காரனின் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரவேண்டும். வெட்டி அனுப்ப வேண்டும். அப்புறம் பணம் வரவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கை நிறையும், மற்றபடி நகை அடகுக் கடையில் இருக்கும். ஆலை எல்லாக் கரும்பையும் ஒரே சமயத்தில் அரைக்க முடியாதாகையால் ஒருவனுக்கு முன்னாலும் ஒருவனுக்குப் பின்னாலுமாக ஆர்டர் வரும். இந்த ஏற்பாட்டைத்தான் அந்த ஆராய்ச்சியாளர்கள் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 54 கிராமங்களில் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்பு ஒரு முறையும் அறுவடைக்குப் பிறகு ஒரு முறையும் சந்தித்து, ரேவன் என்ற ஆங்கிலேயர் 1938-இல் ஏற்படுத்திய சித்திரப் புதிர்ச் சோதனையைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் 100-க்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 பேர். பத்துப் புதிர்களில் முன்பு சராசரி 4.35 சரியாகப் போட்டவர்கள் பின்பு 5.45 போட்டார்கள். இரண்டாந் தடவை என்பதால் பழகிப்போய் நன்றாகச் செய்தார்களோ என்ற சந்தேகம் வருமல்லவா? அதற்காக 100 பேரை ஒதுக்கி வைத்து, அறுவடைக்குப் பிறகே முதன்முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள்.

இது மட்டமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஏழையையும் பணக்காரனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மண்டையை அளக்காமல், ஒரே மனிதனை அவனோடேயே ஒப்பிட்டார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம். அவர்கள் சொன்னதென்ன? அதே ஆள்தான், கையில் காசு வந்ததும் அவன் புத்தி நிமிர்கிறது. கடன் கவலை அவன் மனசில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, வேறொன்றுமில்லை. இந்தச் செய்தியைப் பத்திரிகைத் தலைப்பு எப்படித் திருப்பிவிட்டது பாருங்கள்! 'ஏழைக்கு மூளை மழுங்கல்' என்றால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? 'அவன் கையில் பணத்தைக் கொடுக்காதே, தொலைத்துவிடுவான்' என்றுதானே? பணத்தைக் கொடுத்தால் தெளிவான் என்று ஆராய்ச்சி சொல்ல, கொடுக்காதே என்று தலைப்பு சொல்கிறது. இந்த அநியாயத்துக்கு எந்தப் புள்ளிவிவரப் பிழையும் ஈடில்லை.

ஆனாலும் ஆராய்ச்சியாளர்களையும் நான் விடுவதாக இல்லை. அதே கட்டுரையில் இன்னொரு பாதி இருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்துக் கடைவளாகம் ஒன்றில் வந்து போனவர்களைப் பிடித்து, 'உங்கள் காரைப் பழுது பார்க்க 1500 டாலர் ஆகிறது, என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கற்பனைக் கவலையைக் கொடுத்துவிட்டுப் புதிர் போடச் சொன்னார்கள். சிலருக்கு 150 டாலர் என்று சொன்னார்கள். பெரிய தொகையைக் கேட்டதும் வருமானம் குறைந்தவர்கள் மட்டும் தடுமாறினார்களாம். அதே ஆண்டு டிசம்பரில் விக்கெர்ட்ஸ், ஸான்ட் ஸ்கோல்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கணக்கை வாங்கி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஆட்களை ஏழை, பணக்காரன் என்று நடுவில் கோடு கிழித்து இரண்டு கூறாக்கியதால்தான் அப்படித் தெரிகிறது. வருமானத்தை உள்ளபடியே வைத்துக் கணக்கிட்டால் அந்த முடிவு நிற்கவில்லை. சோதனை சுருக்கமாகவும் சுலபமாகவும் இருந்ததில் நல்ல நிலையிலிருந்தவர்கள் உச்சியை முட்டிக்கொண்டார்கள், அவர்கள் தடுமாறியிருந்தாலும் தெரிந்திருக்காது என்றார்கள். பணக் கவலையின் பாதிப்பு ஏழைகளோடு நின்றுவிடுவதில்லை என்பது அவர்கள் கட்சி. முதலில் எழுதியவர்கள் பதில் சொன்னார்கள். கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் எங்கள் முடிவு நிற்கிறது என்றார்கள். 2016-இல் வேறு மூவர் அமெரிக்காவின் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்து, புத்தியில் வித்தியாசமே காணோம் என்றார்கள். டீக்கடைப் பெரியவர் இதைக் கேட்டால் கேரம் பலகையைத் தட்டிச் சிரிப்பார்.

இந்த வழக்கெல்லாம் நடுப்பக்கத்துப் பத்து வரியில் உண்டா? கிடையாது. 'ஆய்வு சொல்கிறது' என்ற இரண்டு வார்த்தை உண்டு. ஆய்வு என்பது ஏதோ அசரீரி!

யாரைக் கேட்டான் என்பதோடு விஷயம் முடியவில்லை. கேட்டது யார்?

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எந்த ஸ்தாபனம் என்பது இங்கே அவசியமில்லை. இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி, கழுத்தில் அட்டை, கையில் ஒரு டேப். வெயிலில் முகமெல்லாம் கன்றிப்போயிருந்தது. எதிர்வீட்டு மருமகளிடம் உட்கார்ந்து கேட்டாள்: சென்ற இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனசு சோர்ந்திருந்தது? எத்தனை நாள் தூக்கம் வரவில்லை? எத்தனை நாள் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தது? எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள் "ஏதோ ரெண்டு மூணு நாளு" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாவலாசிரியனுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

பிற்பாடு குழாயடியில் என் மனைவியிடம் அவளே சொன்னாளாம்: "இல்லவே இல்லன்னா அந்தப் பொண்ணு, பொய் சொல்றேன்னு நெனைக்கும்க்கா. தெனமும்னா உள்ள மாமியா ஒக்காந்துகினு கேட்டுக்கினு இருக்குது. நடுவுல சொல்லிட்டா யாருக்கும் நோவாது பாரு."

ஆஹா! எத்தனை மனோதத்துவம் தெரிந்திருக்கிறது அவளுக்கு! ஆனால் அவளுடைய 'ரெண்டு மூணு நாள்' எங்கேயோ ஒரு கணிப்பொறிக்குள் போய், வடசென்னைப் பெண்களின் மனச்சோர்வு மிதமானது என்று ஒரு கட்டுரையாக வெளிவந்தாலும் வரும்.

அடுத்த வீட்டில் இன்னும் வேடிக்கை. வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில். ஃப்ரிட்ஜின் மேல் போர்வை போர்த்தி அதற்கு மேல் சாமி படம் வைத்திருந்தார்கள். 2023-இல் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததிலிருந்து, அட்டை மாட்டிக்கொண்டு வருகிற எவரிடமும் 'உண்டு' என்று சொல்ல எங்கள் தெருவுக்குப் பயம். அவர்களைப் பொய்யர்கள் என்கிறீர்களா? கேட்கிறவன் எதற்காகக் கேட்கிறான் என்று தெரியாதபோது, அவன் கையிலிருப்பது எதைப் பறிக்கும் என்று கணக்குப் போட்டுப் பதில் சொல்வது பிழைக்கத் தெரிந்தவன் செய்கிற காரியம். அந்த விழுப்புரத்து விவசாயிகளிடம் அடகு வைத்தாயா, கடன் எவ்வளவு என்று கேட்கப் போனவர்களை அவர்கள் யாரென்று நினைத்தார்கள்? பாங்கி ஆள் என்றா? ஆலை ஆள் என்றா? எண் இருக்கிறது, இந்த விவரம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது.

சொல்லப்போனால் நானும் அதே தொழில்தான் செய்கிறேன். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் சோகக் கதைகளாகவே சொல்கிறார்கள். நன்றாக நடந்த கல்யாணத்தை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு எது பிடிக்கும் என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு அதைக் கொடுக்கிறார்கள். நானும் ஆவலாக வாங்கி எழுதுகிறேன். ஆனால் அட்டையில் 'நாவல்' என்று அச்சிட்டுவிடுகிறேன். 'தென்னிந்திய மனம்: ஓர் ஆய்வு' என்று அச்சிடுவதில்லை.

பூம்பூம் மாட்டைப் பார்த்திருப்பீர்கள். 'அம்மாவுக்கு நல்ல காலம் பொறக்குதா?' என்று மாட்டுக்காரன் கேட்பான். மாடு தலையை ஆட்டும். கயிற்றில் ஒரு சிறு சுண்டல் இருக்கிறது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐரோப்பாவின் படித்தவர்களுக்கு இது தெரியச் சற்றுக் காலம் பிடித்தது. பெர்லின் நகரத்தில் ஃபான் ஆஸ்டன் என்பவர் ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கூட்டல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904-இல் அறிஞர்களைக் கொண்ட குழு ஒன்று போய்ப் பார்த்து, இதில் ஏமாற்று ஏதுமில்லை என்று சொல்லிவிட்டது! ஓஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற இளைஞர்தான் பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடித்து 1907-இல் எழுதினார். விடை தெரியாத ஒருவன் கேட்டால் குதிரைக்கும் விடை தெரியவில்லை. விடை தெரிந்தவன் கேட்டால், சரியான எண்ணைத் தட்டி முடிக்கும்போது அவன் தன்னையறியாமல் தலையைச் சற்று அசைக்கிறான். குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. கேட்டவர் யோக்கியர்தான். கயிறு தன் கையில் இருப்பது அவருக்கே தெரியாது. நம் மாட்டுக்காரனுக்காவது தெரியும்.

1963-இல் ராபர்ட் ரோசந்தால் என்ற அமெரிக்கர் சக ஆராய்ச்சியாளர் ஒருவரோடு இதையே எலியில் செய்து காட்டினார். மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, இவை புத்திசாலி இனம், இவை மந்த இனம் என்று சொல்லி வைத்தார். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள். வழி கண்டுபிடிக்கும் சோதனையில், புத்திசாலி என்று பேர் வாங்கிய எலிகள் நன்றாகச் செய்ததாகக் கணக்கு வந்தது! எலிக்கே இந்தக் கதி என்றால், 'இது பின்தங்கிய பகுதி, மனச்சோர்வு அதிகம்' என்று சொல்லி அனுப்பப்படுகிற பெண் எங்கள் தெருவில் எதைப் பார்ப்பாள்?

சரி, மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். எங்களையெல்லாம் கேட்டாலாவது பரவாயில்லை என்று சொல்லும்படி ஒன்று இருக்கிறது. 'மனித இயல்பு' என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறதே, அது யாருடைய இயல்பு? 2003 முதல் 2007 வரை மனோதத்துவத்தின் முக்கியமான ஆறு அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த ஆராய்ச்சிகளை ஆர்னெட் என்பவர் அலசி 2008-இல் எழுதினார். சோதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 96 பேர் மேலை நாட்டார். உலக ஜனத்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 100-க்கு 12. அந்த 96 பேரிலும் பெரும்பகுதி அமெரிக்கர்கள். அவர்களிலும் வெகு பேர் கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிற மாணவர்கள், பாடத்தின் மதிப்பெண்ணுக்காகச் சோதனையில் உட்கார்ந்தவர்கள். ஹென்ரிக், ஹைனே, நொரன்சயான் என்ற மூவர் 2010-இல் இதையே விரிவாக எடுத்துக்கொண்டு, இவர்கள் மனித குலத்தின் மாதிரி அல்ல, விசித்திரமான விதிவிலக்கு என்று எழுதினார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணின் படிப்புக்கும் உங்கள் பையனின் கோபத்துக்கும் காரணம் சொல்லி வாரப்பத்திரிகைகளில் வருகிற ஆலோசனைகளின் வேர் பெரும்பாலும் அந்தப் பத்தொன்பது வயசு அமெரிக்கப் பையனிடம் இருக்கிறது. அவன் நல்ல பையனாகவே இருக்கட்டும். அவனுடைய மாமியார் உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கவில்லையே!

நம்மைக் கேட்டவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். கேட்டார்கள் என்பதைவிட அளந்தார்கள் என்பது சரி. எழும்பூர் மியூசியத்தின் சூப்பரின்டெண்டாக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், இந்த ஊர் ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து ஜாதிவாரியாகப் பதிவு செய்தார். தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகள் இன்றும் நூலகங்களில் கம்பீரமாக நிற்கின்றன. மூக்கின் அகலத்தில் என்ன இருக்கிறது என்று இன்று எவரும் சிரிப்பார்கள். கருவி அன்று பளபளப்பாக இருந்தது, அளவு தசமப் புள்ளியில் இருந்தது. சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று என் தெருவுக்கு வருகிற டேப்பும் பளபளப்பாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால் நான் விஞ்ஞான விரோதி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அத்தனை பேரும் அதே விஞ்ஞானத்துக்காரர்கள்தான். 2015-இல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒன்று சேர்ந்து, மனோதத்துவத்தில் வெளியான 100 ஆராய்ச்சிகளை அப்படியே திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 100-க்கு 97 வெற்றி என்று எழுதப்பட்டிருந்தது; திரும்பச் செய்தபோது 36-தான் தேறியது. வறுமையின் மனோதத்துவத்தைப் பற்றிய 20 ஆராய்ச்சிகளையும் 2021-இல் இப்படியே உரைத்துப் பார்த்தார்கள். சில நன்றாக நின்றன, சில மறுக்க முடியாதபடி விழுந்தன. நேர்மையைப் பற்றிய ஒரு பிரசித்தமான ஆராய்ச்சியே பொய்க் கணக்கு என்று அதே 2021-இல் வாபஸ் வாங்கப்பட்டது. இதற்கெல்லாம் மூலகாரணம் மோசடி என்று நான் நினைக்கவில்லை. மோசடிக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். ஒன்றும் கிடைக்கவில்லை என்ற முடிவைப் பத்திரிகைகள் பிரசுரிப்பதில்லை. அது மேஜை இழுப்பறைக்குப் போகிறது. பத்துப் பேர் தேடி ஒருவனுக்கு தற்செயலாக ஏதோ அகப்பட்டால் அந்த ஒன்று அச்சாகிறது. எந்தக் கதை விலைபோகும் என்று எழுத்தாளனுக்குத் தெரிவது போலத்தான். இன்று சிலர், எதை அளக்கப் போகிறோம், எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிடுகிறார்கள். பந்தயத்துக்கு முன்பே பணத்தைக் கட்டுகிற மாதிரி. நல்ல பழக்கம்.

நம் சென்னையிலேயே ஒரு யோக்கியமான காரியம் நடந்தது. கூலிவேலை, சிறு வியாபாரம் என்று பிழைக்கிற 452 பேரை ஒரு மாதம் கணினியில் விவரம் பதிகிற வேலைக்கு அமர்த்தி, அவர்கள் தூக்கத்தை ஆராய்ந்தார்கள். எத்தனை மணி தூங்கினாய் என்று வாயால் கேட்டு விட்டுவிடவில்லை. கையில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். ராத்திரி 8 மணி நேரம் படுத்திருந்தும் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். ஒரு பக்கம் கேப்டன் காட்டன் கால்வாய்க் கொசு. காற்று திரும்பினால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டு நாற்றம். ஒரே அறையில் ஐந்து பேர். அவர்களுக்குக் கண்மூடி, காதடைப்பான், படுக்கை, மின்விசிறி என்று கொடுத்து, சராசரி 27 நிமிஷம் கூடத் தூங்க வைத்தார்கள். அதனால் வேலைத்திறன் எவ்வளவு கூடும் என்று நிபுணர்களை முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். நிறையக் கூடும் என்றார்கள் நிபுணர்கள். ஒன்றும் கூடவில்லை! ஆனால் பகலில் வேலையிடத்திலேயே அரை மணி நேரம் கண்ணயர விட்டபோது வேலையும் தெளிந்தது, மனசும் தெளிந்தது.

எனக்கு இந்த ஆராய்ச்சி பிடித்துப்போனதற்குக் காரணம் அந்தக் 'கூடவில்லை'தான். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று 2021-இல் அச்சில் ஒப்புக்கொண்டார்கள். நிபுணர்கள் சொன்னதையும் கூடவே போட்டார்கள். எங்கே, யாரை, எப்படி என்று எல்லாம் வெளியில் இருக்கிறது. பெரியவர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. இதை நான் டீக்கடையில் விவரமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்தியானம் தூங்கினா நல்லா இருக்கும்னு கண்டுபுடிக்க ஒரு மாசமா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஹார்பர்ல மேஸ்திரி வுட்டாத்தான?" என்றார். மேஸ்திரியை எந்த நிபுணரும் கேட்டதாக எனக்கும் ஞாபகமில்லை.

போன வாரம் அந்த டேப் பெண் மறுபடியும் வந்தாள். இரண்டாம் சுற்றாம், அதே வீடுகள், அதே கேள்விகள். எதிர்வீட்டு மருமகள் அவளை வாசலில் பார்த்ததும் மாமியார் கையில் பையைக் கொடுத்து ரேஷன் கடைக்கு அனுப்பினாள். பிறகு அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். நான் வழக்கம்போல வாசலில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

"இந்தத் தபா இன்னா சொல்லிச்சாம்?" என்று மறுநாள் பெரியவர் கேட்டார்.

"தெரியாது அண்ணே" என்றேன்.